நீலக் கட்டம், எண் 117

கிளென்மார்கன்
17 மார்ச் 2024

அன்புத் தம்பி செலஸ்டினுக்கு,

அக்கா ரோஸ்மேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மச்சானும் சுகம். மச்சானுக்கு மட்டும் லாரி கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் வலி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூத்துக்குடி வெயிலில் எவ்வளவு கறுத்திருக்கிறாய் என்று எழுது.

பெட்டி வந்து சேர்ந்தது. உன் ஆபீசில் பார்த்து முடித்துக் கழித்த துணித்துண்டுகள் இந்தத் தடவை இருநூறுக்கு மேல் இருந்தன. எங்கள் எஸ்டேட் கிரஷில் இப்போது பதினான்கு பிள்ளைகள். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போனால் சாயங்காலம் வரை என் கையில்தான். இந்தக் குளிருக்கு ஒட்டுப்போட்டு நாலு போர்வை தைத்துவிட்டேன். முதல் போர்வை, இங்கே கொழுந்து பறிக்கும் வேலாமணியின் கைக்குழந்தைக்கு. அவள் புருஷனுக்குக் கோத்தகிரியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகிறார்கள். அந்தப் போர்வைக்கு நடுவில் நீலக் கட்டம் போட்ட துணியை வைத்தேன். மற்றவையெல்லாம் உள்ளங்கை அளவு, அது ஒன்றுதான் பெரியதாக இருந்தது. பார்க்க அத்தனை அழகு.

ஒரு சந்தேகம். சில துணி பட்டால் கைப்பிள்ளைகளுக்குத் தடித்துப் போகிறது. எது சுத்தப் பருத்தி, எது கலப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் சொல்லாதே. இங்கே வீட்டில் பாதி நேரம் சிக்னல் இல்லை, பேக்டரி வளைவுக்கு ஏற வேண்டும். ஏறிப் பேசினாலும் நீ “சரிக்கா, சரிக்கா” என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பதில் எழுதியாக வேண்டும் அல்லவா?

உன் அக்கா
ரோஸ்மேரி


தூத்துக்குடி
6 ஏப்ரல் 2024

பாசமுள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

செலஸ்டின் சுகம். கறுப்பு முன்பே இருந்ததுதான், வெயில் மேல் பழி போடாதே. மச்சானின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துவிடு.

நீ கேட்டது என் தொழிலையே கேட்டது போல. கப்பலில் ஏறும் ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் உண்டு, மில்களின் சரக்குக்கு அதைப் போட்டு அனுப்புவதுதான் எங்கள் ஆபீஸ் வேலை. உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பருத்தி இருந்தால் ஓர் எண், அதற்குக் குறைந்தால் வேறு எண். சதுர மீட்டருக்கு இருநூறு கிராமுக்கு மேலா, உள்ளேயா என்று பார்த்தால் அதற்குள் இன்னும் பிரிவு. பருத்தியும் பாலியஸ்டரும் சரிபாதியாக இருந்தால், பட்டியலில் கடைசியில் வரும் எண்ணுக்குப் போய்விடும்.

நீ லேப் வைக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு நூலை உருவி மெழுகுவர்த்தியில் காட்டு. பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கெட்டியாக நிற்கும். நகத்தால் நசுக்கினாலும் உடையாது. அப்படி நின்றால் பிள்ளைகள் உடம்பில் படாத பக்கம் வைத்துத் தை.

மறந்தும் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

உன் தம்பி
செலஸ்டின்


கிளென்மார்கன்
19 மே 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் சுகத்துக்கு மாதாவை வேண்டுகிறேன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஊட்டிக்குப் பூசைக்குப் போய்வரவே ஒரு பகல் ஆகிறது. போன ஞாயிறு பைக்காரா ரோட்டில் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டேன்.

மெழுகுவர்த்தி வித்தை நன்றாக வேலை செய்கிறது. இப்போது எந்தத் துணியைக் கண்டாலும் நூல் உருவத் தோன்றுகிறது. மச்சானின் புதுச் சட்டையில் உருவினேன், மணி நின்றது. கடைக்காரன் சுத்தக் காட்டன் என்று சத்தியம் செய்து கொடுத்ததாம். “சட்டையை எரிச்சுப் பாக்கறவ, நாளைக்கு என்னைய எரிச்சுப் பாக்க மாட்டயா?” என்கிறார்.

சரிபாதி என்றால் கடைசியில் வருபவனுக்கே கொடுக்கிறார்களா? நம் வீட்டுச் சட்டமும் அதுதானே! ஒரு முட்டையை எத்தனை தடவை சரிபாதியாக வெட்டியிருப்பேன், எல்லாம் கடைக்குட்டி வயிற்றுக்குள்தான் போனது.

நீ ஏன் ஈஸ்டருக்கு வரவில்லை? ஆபீசில் லீவு இல்லை என்றாய். முகத்தைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

உன் அக்கா
ரோஸ்மேரி


தூத்துக்குடி
4 ஜூலை 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மச்சானும் நலம்தானே? அங்கே மழை பிடித்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன்.

ஓர் அவசரம். மார்ச் மாதப் பெட்டியில் பெரிய நீலக் கட்டத் துணி ஒன்று வந்தது என்று எழுதியிருந்தாய். அது கழித்த துணி இல்லை, தவறிப்போய்ப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு சரக்கிலும் இரண்டு துண்டு வெட்டுவோம். ஒன்று பார்ப்பதற்கு, இன்னொன்று ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருப்பதற்கு. அது வைத்திருக்க வேண்டிய துண்டு. மூலையில் என் கையெழுத்தில் 117 என்று பேனாவால் எழுதியிருக்கும். கரையில் மில்லின் பெயர் நெய்திருக்கும்.

ஈரோட்டுப் பக்கத்து மில் ஒன்றின் சரக்கு அது. சுத்தப் பருத்தி என்று நான்தான் எண் போட்டேன். போய் இறங்கிய நாட்டில் சோதித்துவிட்டு, பருத்தி எண்பத்தைந்துக்கு வெகு கீழே என்று சரக்கை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கொடுத்தது பருத்திதான், நடுவில் நீங்கள்தான் ஏதோ செய்தீர்கள் என்கிறது மில். எங்கள் மேனேஜர் ஜாபேஸ் சார் அலமாரியைத் திறந்தால் 117 மட்டும் இல்லை. “சாம்பிளுக்குக் கால் முளைச்சா போவும்? எவன்ட்டல குடுத்த?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அது கிடைக்காவிட்டால் என் வேலை போய்விடும் அக்கா. போர்வையைப் பிரித்து அனுப்பிவிடு.

செலஸ்டின்


கிளென்மார்கன்
13 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று லீவு போட்டுக் கோத்தகிரிக்குப் போனேன். மழையில் மரம் விழுந்து நாலு மணி நேரப் பிரயாணம்.

வேலாமணி நன்றாக இருக்கிறாள். அவள் மகள் தவழ்கிறாள், போர்வையையும் இழுத்துக்கொண்டே தவழ்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் வேலாமணி முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க மேரியக்கா, குடுத்த பொருளத் திருப்பிக் கேக்கறீங்களே. இது இல்லாம எம்புள்ள கண்ண மூட மாட்டாளுங்க” என்றாள். என் தம்பி வேலை போய்விடும் என்று நான் அழுததும், அவளே கத்தரிக்கோலை எடுத்து வந்து தந்தாள். ஆனால் பிள்ளை விடவில்லை. அது தூங்கும் வரை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு...

மச்சான் கூப்பிடுகிறார். லாரி கிளம்புகிறதாம், இதை அவரிடம் கொடுத்தால் ஊட்டியில் போட்டுவிடுவார். மீதியைப் பிறகு எழுதுகிறேன். நீ தைரியமாக இரு. வயிற்றைக் காயப் போடாதே.

அக்கா
ரோஸ்மேரி


தூத்துக்குடி
2 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

‘பிறகு’ என்று நிறுத்தினாயே, பிறகு என்ன ஆயிற்று? மூன்று வாரம் ஆகிவிட்டது. போன் செய்தால் மச்சான் எடுத்து, “உங்கக்கா கிரஷ்ல இருக்கறா மாப்ள” என்கிறார். காலை ஆறு மணிக்கும் கிரஷ், இரவு எட்டு மணிக்கும் கிரஷா?

ஆகஸ்ட் முடியும் வரை பார்ப்பேன் என்றார் ஜாபேஸ் சார். அவர் கெட்டவர் இல்லை. அவர் மேல்மாடியில் இருக்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆபீசில் இரண்டு பேர் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார்கள். துணியை மாற்றி வைக்க நான் யாரிடமோ கை நீட்டிவிட்டேன் என்று பேச்சு.

கிடைத்ததா, இல்லையா? ஒரு வரி போதும்.

செலஸ்டின்


கிளென்மார்கன்
16 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

நேற்று மாதா திருநாள். உன் பேருக்குப் பூசை வைத்தேன். மழை விடவே இல்லை. பிள்ளைகளின் துணி காயாமல், பேக்டரிக்குக் கொண்டுபோய் டிரையர் பக்கத்தில் விரித்துக் காய வைக்கிறோம். பதினான்கு பிள்ளைகள் மேலும் தேயிலை வாசம். காட்டெருமை ஒன்று தினமும் கிரஷ் வேலியோரம் வந்து நின்றுவிட்டுப் போகிறது.

போர்வை விஷயம் கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன். ஒருத்தன் பருத்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டான், ஆனால் துணியில் மணி நிற்கிறது என்று வை. அவனை என்ன செய்வார்கள்? வேலையோடு விடுவார்களா, போலீசுக்கும் போவார்களா? துணியே கிடைக்கவில்லை என்றால் கொஞ்ச நாள் பேசிவிட்டு மறந்துவிட மாட்டார்களா?

இந்த வேலை இல்லாவிட்டால் என்ன, இங்கே பேக்டரி ஆபீசில் கிளார்க் வேலை காலியாக இருக்கிறது. மச்சான் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். யோசித்துச் சொல்.

அக்கா
ரோஸ்மேரி


தூத்துக்குடி
21 ஆகஸ்ட் 2024

என் அக்காவுக்கு,

நீ எதற்கும் பொய் சொல்லப் பழகவில்லை, இனிமேலும் பழகாதே. துணி உன் கையில்தான் இருக்கிறது. நூலை உருவி எரித்தும் பார்த்துவிட்டாய். மணி நின்றிருக்கிறது. உன் தம்பி பொய் எண் போட்டான், துணியைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வான் என்று பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறாய். சரிதானே?

கேள். துணியில் மணி நின்றால் எனக்கு நல்லதுதான். மில் முதலிலிருந்தே கலப்புத் துணியைத்தான் கொடுத்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று அதை வைத்துத்தான் காட்ட முடியும். மில் கொடுத்த காகிதத்தில் பருத்தி என்று இருந்தது, நான் அதை நம்பினேன், அவ்வளவுதான். துணி இல்லாமல் இருப்பதுதான் என் கழுத்துக்குக் கத்தி.

நாளைக்கே ஊட்டி போஸ்ட் ஆபீசில் ஸ்பீட் போஸ்ட்டில் போடு. கரையை வெட்டியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

செலஸ்டின்


கிளென்மார்கன்
25 ஆகஸ்ட் 2024

என் தங்கமே,

துணியும் கரையும் இதோடு இருக்கின்றன. போர்வைக்குள் மடித்துத் தைத்திருந்ததால் கரை அப்படியே இருக்கிறது, மில் பெயரைப் படிக்கலாம். நாலைந்து தடவை துவைத்தும் உன் 117 போகவில்லை. வேலாமணி மகளுக்கு அந்த இடத்தில் என் கல்யாணப் பாவாடையில் வெட்டி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். முதலில் உதறிப் போட்டதாம், இப்போது ஒத்துக்கொண்டது.

நீ சொன்னது எல்லாம் சரி. அன்றைக்குக் கோத்தகிரியிலிருந்து வந்ததும் அடுப்படியில் நின்று எரித்துப் பார்த்தேன். கடுகு போல ஒரு மணி. துணியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே பிடித்துவிடுவாய் என்றுதான் மச்சானை எடுக்கச் சொன்னேன்.

அம்மா போனபோது உனக்கு ஒன்றரை வயது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இதே கிரஷுக்கு வந்தவள் நான். அப்படிப்பட்ட நானே உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். இன்றைக்குப் பூசைக்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “சொந்தத் தம்பியை ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டேன் சாமி” என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார், நான் பத்துச் சொன்னேன். நீயும் என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வந்தால்தான் எனக்கு மனது ஆறும்.

உன் அக்கா
ரோஸ்மேரி


தூத்துக்குடி
14 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நீ கேட்ட ஒரு வரியை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து ஐம்பது நாள் போய்விட்டது.

துணி வந்த அன்றே லேபுக்குப் போனது. பருத்தி அறுபத்தொன்று, பாலியஸ்டர் முப்பத்தொன்பது. கரையில் மில்லின் பெயர். ஜாபேஸ் சார் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, “தப்பா நெனச்சிட்டேம்ப்பா” என்றார். டீ குடிக்க வராதவர்கள் வந்தார்கள். வேலை நிலைத்துவிட்டது. எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், நீயும் கேட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

நீ தப்பாக நினைக்கவில்லை அக்கா.

பிப்ரவரியில் மில்லின் குடோன்காரர் வேலுசாமி அண்ணன் துணியோடு வந்திருந்தார். நம் பக்கத்துப் பேச்சு, கேட்கவே ஆசையாக இருந்தது. “தம்பி, குடோன்ல ரெண்டு நீலக் கட்டம் கெடக்குதுங்க. ஒண்ணு காட்டன், ஒண்ணு கலப்பு. பாக்க ஒண்ணாட்டவே இருக்குது. எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க” என்றார். பார்த்தேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது நூலை உருவி எரித்தேன். மணி நின்றது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போக வேண்டும். நிறுத்தினால் கப்பல் தவறும், அந்த மாதம் ஒரு சரக்குகூடத் தவறவிடாதவன் என்று ஜாபேஸ் சார் மேல்மாடியில் என் பேரைச் சொல்லியிருந்தார். திரும்பி வந்தவரிடம், “பாத்துட்டேண்ணே, பருத்திதான்” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

117 பெட்டிக்குள் தவறி விழவில்லை. நானே போட்டேன். உன் போர்வையில் போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நடுவில் துணியை மாற்றியது நாங்கள்தான் என்று மில் பழி போட்ட பிறகுதான் அது எனக்குத் திரும்பத் தேவைப்பட்டது.

இப்போது மில்லில் வேலுசாமி அண்ணனை நிறுத்திவிட்டார்கள். துணியைப் பார்க்காமல் ஏற்றிவிட்டார் என்று. அவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். சண்டைக்கு இல்லை. “நீங்க பாத்தீங்கல்ல தம்பி? அத மட்டும் எங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க” என்றார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சொன்னால் இந்த வேலை போகும். இனி இந்தத் தொழிலில் யாரும் சேர்க்கவும் மாட்டார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. நீ சொல் அக்கா.

செலஸ்டின்


கிளென்மார்கன்
18 அக்டோபர் 2024

தம்பி செலஸ்டினுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை.

முதலில் உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். மச்சான் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டார். “உன்ற திட்ட அவன் ஆயுசு முழுக்கக் கேக்கலாம். இப்பச் சோறு எறங்காம கெடக்கறவனுக்கு வேற எழுது” என்றார். அதனால் இது வேறு.

நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பத்து அருள் நிறைந்த மரியேயும் உன் பேரில் இருக்கட்டும், உனக்குத் தேவைப்படும். என் பிள்ளைகளின் போர்வையில் உன் பொய்யை வைத்துத் தைக்க விட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு உன்னோடு நேரில் சண்டை போடுவேன்.

நீ என்னைக் கேட்டாய். சொல்லிவிடு. வேலுசாமி அண்ணனுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனால் அவர் உன்னைப் பார்க்கச் சொன்னார், நீ பார்த்தாய். இது ஜாபேஸ் சாருக்கும் அந்த மில் முதலாளிக்கும் தெரிய வேண்டும். வேலை போகும். போகட்டும் என்று லேசாகச் சொல்ல மாட்டேன், அந்த வேலைக்காக நீ எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

தனியாகச் சொல்ல உனக்குத் தைரியம் வராது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதானே அப்பாவிடம் போவாய். அதனால் கிரஷில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து ஊட்டியில் பஸ் ஏறி, கோயம்புத்தூரில் மாறி, திங்கட்கிழமை காலை தூத்துக்குடியில் இறங்குவேன். இந்தக் கடிதம் முந்துமோ, நான் முந்துவேனோ தெரியாது.

குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு ரெடியாக இரு. உனக்குப் பிடித்த முட்டைக் குழம்பு கொண்டுவருகிறேன், முதலில் சாப்பிடு. பிறகு ஆபீசுக்குச் சேர்ந்து போவோம். உள்ளே நீ மட்டும் போ. நீயே உன் வாயால் சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெஞ்ச் இல்லை என்றால் படியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அக்கா
ரோஸ்மேரி